குழந்தையின் தலையிலிருந்து தோல் எடுக்கச் சொன்னால்

“மொட்டை என்றால் பரவாயில்லை சிஸ்டர், தலைத் தோலையே உரிக்கிறேன் என்கிறார்களே!” இரண்டரை வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தாய் அழுதார். கொதித்த ரசம் குழந்தையின் கழுத்திலும் மார்பிலும் கொட்டியிருந்தது. தீக்காயப் பிரிவில் செவிலியராக இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். அவரிடம் உட்கார்ந்து சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆழமாக வெந்த இடத்தில் தோல் தானாக நன்றாக வளராது. வேறோர் இடத்திலிருந்து பாலாடை போல மெல்லியதாக எடுத்து அங்கே ஒட்டுவார்கள். பெரும்பாலும் தொடையில்தான் எடுப்பார்கள். தொடை ஆற இரண்டு வாரம்கூட ஆகும். ஆறிய பிறகும் நிறம் மாறிய பட்டை நின்றுவிடலாம். தலை அப்படியில்லை. எடுப்பது ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் கனம். முடியின் வேர் அதற்கு வெகு கீழே கொழுப்பில் புதைந்திருக்கிறது. ஆகவே முடி மறுபடி வளரும். ஆழம் தவறாதவரை ஒட்டிய இடத்தில் முடி முளைக்காது. மயிர்க்கால்களுக்குள் இருக்கும் செல்கள் மேலேறிப் பரவுவதால் ஒரு வாரம், பத்து நாளில் தலை மூடிக்கொள்ளும். தேவைப்பட்டால் அதே இடத்தில் மீண்டும் எடுக்கலாம். பெரியவர்களுக்கு உடல் பரப்பில் தலையும் முகமும் சேர்ந்து 9 சதவீதம். கைக்குழந்தைக்கு ஏறக்குறைய 18. குழந்தைகளுக்குத் தலை எவ்வளவு பெரிய கொடை என்று பாருங்கள்.

தலையில் பேன், சொறி, புண் எது இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டில் சவரம் செய்து அழைத்து வராதீர்கள். பிளேடு கீறிய இடத்தில் கிருமி சேரும். முடி இருக்கும்போதே அதன் எல்லையைப் பேனாவால் கோடு போட்டுவிட்டு, அதன் பிறகுதான் மழிக்க வேண்டும். மழித்த பிறகு நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. கோட்டைத் தாண்டி எடுத்தால் தழும்பை மறைக்க முடி இருக்காது. “கோடு போட்டாயிற்றா?” என்று நீங்களே கேளுங்கள், தவறில்லை.

தலையில் ரத்த ஓட்டம் அதிகம். அதனால் ரத்தக் கசிவைக் குறைக்க, ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் மருந்தை உப்புநீரில் கலந்து தோலுக்கு அடியில் செலுத்துவார்கள். அந்த நீர் இறங்கி, மறுநாள் சில குழந்தைகளுக்குக் கண்ணிமை வீங்கும். பயப்படாதீர்கள், வடிந்துவிடும். ஆனால் வீக்கம் வடியட்டும் என்று தலையணை வைக்காதீர்கள். கழுத்தில் ஒட்டுப் போட்டிருந்தால் கழுத்து மடங்கக் கூடாது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தித் தரச் சொல்லுங்கள்.

முதல் இரவு தலையில் போட்ட கட்டுத்துணியின் மேல் ரத்தக் கறை தெரியும். கறையின் ஓரத்தைப் பேனாவால் வளைத்துக் குறித்துவிடுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவிக்கொண்டே போனால் எங்களைக் கூப்பிடுங்கள்.

இனி சொல்வதுதான் முக்கியம். மேலே சுற்றிய கட்டுத்துணியை மருத்துவர் சொன்ன நாளில் நாங்கள் எடுப்போம். அடியில் புண்ணின் மேல் இருக்கும், பாரஃபின் தடவிய காஸ் என்ற வலைத்துணி அப்படியே இருக்கும். அது காய்ந்து அப்பளம் போல விறைக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும், கை துறுதுறுக்கும். தொடாதீர்கள். நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், ஆறாம் நாள் ஒரு சிறுவனுக்கு ஓரம் தூக்கியிருக்கிறதே என்று மெல்ல இழுத்தேன். முளைத்து வந்த குறுமுடிகள் காஸின் கண்களுக்குள் புல்லாக நுழைந்திருந்தன. இழுத்த இடமெல்லாம் கடுகு கடுகாக ரத்தம். ஆறியிருந்த தோலை நானே பிய்த்துவிட்டேன். அவன் வீறிட்டது இன்னும் காதில் இருக்கிறது. முடி வளர வளர அதுவே துணியைத் தூக்கிக் கொடுக்கும். தூக்கிய விளிம்பை மட்டும் கத்தரியால் வெட்டிவிடுவோம், அவ்வளவுதான். குழந்தையின் நகத்தை ஒட்ட வெட்டி, இரவில் கைக்குப் பருத்தி உறை போடுங்கள், ஆறும்போது அரிக்கும்.

மொட்டைத் தலையைக் கண்டால் நம் பாட்டிகளுக்குச் சந்தனம் பூசத் தோன்றும். கோவில் மொட்டைக்குச் செய்வதை இதற்குச் செய்யக் கூடாது. சந்தனம், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். பொருக்கெல்லாம் உதிர்ந்து, தொட்டால் ஈரம் ஒட்டாத நிலை வந்து, மருத்துவர் சரி என்ற பிறகு குழந்தை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுங்கள். தேங்காய் எண்ணெயும் அதற்குப் பிறகுதான். வெயிலில் பருத்தித் தொப்பி போடுங்கள். முடி முளைக்கும் இடத்தில் சீழ்ப் பொட்டுகள், துர்நாற்றம், காய்ச்சல் இருந்தால் அன்றே வாருங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

மூன்றாம் மாதம் நல்ல வெளிச்சத்தில் முடியை வகிர்ந்து வகிர்ந்து பாருங்கள். சொட்டைத் திட்டு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ரசம் கொட்டிய அந்தக் குழந்தை வந்தபோது நானும் விரலால் வகிர்ந்து தேடினேன். எடுத்த இடம் எனக்கே பிடிபடவில்லை. கழுத்தில் ஒட்டிய தோல் இறுகாமல் இருக்கச் செய்யும் பயிற்சியை இனி ஒரு நாளும் விடாதீர்கள் என்று அவள் அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன்.