பிள்ளை டாக்டராக வேண்டுமா: பீடோங்குக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

பிள்ளை மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறது என்று மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள நம் பீடோங்கில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "எய்ம்ஸ்ட் பக்கத்திலதானே இருக்கு, ஃபவுண்டேஷன்ல போட்டுடுங்க" என்பார்கள். உண்மைதான், செமெலிங்கில் இருக்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பு இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய வரம். ஆனால் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் முன்படிப்பை, அதாவது பட்டப்படிப்பில் சேரும் முன் படிக்க வேண்டிய ஃபவுண்டேஷன் போன்ற படிப்பை, தேர்ந்தெடுக்காதீர்கள். பிள்ளையின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது, பின்னாளில் எந்த நாட்டில் டாக்டராக வேலை பார்க்கப் போகிறது, இந்த இரண்டையும் முதலில் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

மலேசியக் குடியுரிமை உள்ள பிள்ளை என்றால், முன்படிப்பாக நான் பள்ளியிலேயே தொடரும் ஆறாம் படிவத்தைத்தான் சொல்வேன். அரசுப் பள்ளி, செலவு குறைவு, ஒன்றரை ஆண்டில் 3 பருவம். அதன் தேர்வான எஸ்டிபிஎம் கடினம்தான். ஆனால் ஒரு பருவத்தில் சறுக்கினால் அந்தத் தாளைத் திரும்ப எழுத வழி இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம், தனியார், வெளிநாடு, எங்கே வேண்டுமானாலும் அந்தச் சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம். அரசு நடத்தும் மெட்ரிகுலேஷன் என்ற முன்படிப்பில் இடம் கிடைத்தால் அதுவும் நல்லது, ஒரே ஆண்டில் முடிந்துவிடும். அது குடிமக்களுக்கு மட்டும்.

எந்த வழியில் போனாலும் அடித்தளம், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் பொதுத் தேர்வு, அல்லது அதற்கு ஈடான ஒன்று. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம், இன்னொரு பாடம் என 5 பாடங்களில் குறைந்தது பி வேண்டும். பதினைந்து வயதில் ஊரிலிருந்து வந்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய மலை மலாய் மொழி. மலாயிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது. இரண்டு ஆண்டில் மலாய் வராது என்று தோன்றினால் பிள்ளையைப் போட்டு வதைக்காதீர்கள். எஸ்பிஎம்முக்கு ஈடான ஐஜிசிஎஸ்இ என்ற பன்னாட்டுத் தேர்வை எழுதிவிட்டு, ஏ-லெவல் என்ற பிரிட்டிஷ் முன்படிப்புக்குப் போகலாம்.

இனி, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மலேசியாவில் மருத்துவம் சேர உயிரியல், வேதியியலோடு இயற்பியல் அல்லது கணிதம் இருந்தால் போதும். அதனால் இங்கே நிறையப் பிள்ளைகள் கணிதத்தை எடுத்துக்கொண்டு இயற்பியலை விட்டுவிடுகிறார்கள். என் அக்கா மகனும் அப்படித்தான் செய்தான். செம்பனை ஆலையில் அவன் அப்பாவின் ஒப்பந்தம் முடிந்து குடும்பம் ஊருக்குத் திரும்பியது. நீட் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, இந்தியாவில் மருத்துவத்துக்கு இயற்பியல் கட்டாயம். கல்லூரியில் சேர்ந்த அன்று யாரும் அதைச் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்த ஒரு பாடத்துக்காக அவன் ஓராண்டு வீட்டில் உட்கார்ந்தான். நன்றாகப் படிக்கிற பிள்ளை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இங்கேயே படித்துவிட்டு ஊரில் வேலை பார்க்க நினைத்தாலும் நீட் தேற வேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதம், அப்புறம் அதே கல்லூரி வழியாக 12 மாதப் பயிற்சி என்று இந்தியாவில் 2021இல் வந்த விதிகள் சொல்கின்றன. இங்கே டாக்டர்கள் ஹவுஸ்மன் பயிற்சியை, அதாவது பட்டம் முடித்ததும் செய்யும் மருத்துவமனைப் பயிற்சியை, அரசு மருத்துவமனைகளில் செய்கிறார்கள். குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு அந்த இடம் கிடைக்குமா என்று கல்லூரியில் நேரடியாகக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சரி, ஃபவுண்டேஷன் யாருக்கு? மருத்துவப் பட்டத்தையும் அதே பல்கலைக்கழகத்தில்தான் படிக்கப் போகிறோம், பணத்துக்கும் வழி இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு. ஓராண்டில் முடியும். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் ஃபவுண்டேஷனை இன்னொன்று ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தியாவில் அதைப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பியும் பணம் கட்டாதீர்கள். ஏ-லெவலுக்குச் செலவும் நாளும் கூடுதல்தான். இருந்தாலும் எங்கே போவோம் என்று இன்னும் தீர்மானிக்காத குடும்பத்துக்கு அதுதான் பாதுகாப்பு, இயற்பியலையும் சேர்த்து எடுத்தால்.

கடைசியாக, முன்பணம் கட்டும் முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏஜெண்ட் காட்டும் துண்டுப் பிரசுரம் போதாது.