வயதுவாரி வேலைக் கணக்கைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தொழிலில் 55 வயதைத் தாண்டியவர்கள் கூடிவிட்டார்கள் என்றதும், மூத்தவர்களுக்கு அங்கே நல்ல வரவேற்பு என்று முடிவு கட்டிவிடுகிறோம். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

100 பேர் வேலை பார்க்கும் ஓர் ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். 15 முதல் 24 வயதுக்குள் 20 பேர், 45 முதல் 54 வரை 25 பேர், 55ஐத் தாண்டியவர்கள் 10 பேர். பத்து வருடமாகப் புதிதாக யாரையும் எடுக்கவில்லை. அந்த 10 பேர் மட்டும் ஓய்வு பெற்றுப் போனார்கள். இப்போது எண்ணிப் பாருங்கள்: இளைஞர் 20லிருந்து பூஜ்யம், மூத்தவர் 10லிருந்து 25. ஆனால் ஓர் இளைஞருக்குக்கூட வேலை போகவில்லை, ஒரு மூத்தவருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை. எல்லாருக்கும் வயது ஏறியது, அவ்வளவுதான். வாசலில் நின்ற புதியவர்களுக்குத்தான் கதவு திறக்கவில்லை.

ஆகவே புதிதாகச் சேர்ந்தவர்களின் கணக்கைத் தனியாகத் தேடுங்கள். 2010இல் 25–34 வயதில் இருந்தவர்களை, 2020இல் 35–44 வயதில் இருப்பவர்களோடு ஒப்பிடுங்கள். அவர்கள்தான் ஏறக்குறைய அதே தலைமுறை.

அடுத்தது, வயதின் மேல் பழி போடுவது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2020இல் உலக அளவில் இளைஞர் வேலைவாய்ப்பு 8.7 சதவீதம் சரிந்தது, 25 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 3.7 சதவீதம். இளைஞர்கள் திரண்டிருந்த ஓட்டல், சில்லறை வணிகம் போன்ற தொழில்கள் பலமாக அடிவாங்கியது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒரே தொழிலுக்குள் வயதுகளை ஒப்பிட்டால்தான் வயதால் வந்தது எவ்வளவு, தொழிலால் வந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியும்.

வேலையில் இருக்கும் இளைஞர் குறைந்தால் வேலையின்மை கூடிவிட்டது என்பதும் சரியில்லை. படித்துக்கொண்டு, வேலை தேடாமல் இருப்பவர் வேலையில்லாதவர் கணக்கில் வரமாட்டார். கூடுதல் வருடம் படிக்கிறார்கள் என்றால் அது நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம்.

அப்புறம், நீண்ட கால அட்டவணைகளில் தொழில்களின் வகைப்பாடே மாறியிருக்கும். சர்வதேச வகைப்பாட்டின் நான்காம் திருத்தத்தில் பதிப்புத் தொழில் உற்பத்தித் துறையிலிருந்து தகவல் தொடர்புத் துறைக்குப் போனது. ஆட்கள் அதே மேசையில்தான் இருந்தார்கள்.

கடைசியாக, மாதிரிக் கணக்கெடுப்பை வயது, தொழில் என்று நறுக்க நறுக்க, அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஆட்கள் சொற்பமாகிவிடுவார்கள். 30 பேரில் 3 பேர் மாறினாலே 10 சதவீத வீழ்ச்சி என்று தலைப்பு வந்துவிடும்.