சொட்டும் பைப், சத்தம் போடும் பைப்: மலையக வீடுகளில் வொஷர் மாற்றும் முறை

பைப் சொட்டத் தொடங்கியதும் அநேகமாக எல்லோரும் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் பார்ப்பார்கள். இரண்டு நாள் நிற்கும், பிறகு முன்னைவிட வேகமாகச் சொட்டும். பைப்பின் உள்ளே, தண்ணீரை அடைக்கும் இறப்பர் வட்டமான வொஷர் வந்து உட்காரும் பித்தளை வளையத்துக்கு சீட் என்று பெயர். கைப்பிடியை இறுக்க இறுக்க, அந்த வளையத்தின் விளிம்பு வொஷரை வட்டமாக வெட்டிக்கொண்டு இறங்கும். நடுவில் ஒரு மணல் துணிக்கை மாட்டியிருந்தால் பித்தளையிலும் கீறல் விழும். வொஷர் மலிவான சாமான், மாற்றிவிடலாம். சீட் கீறிவிட்டால் பைப்பையே மாற்ற வேண்டி வரலாம். அதனால் சொட்டும் பைப்பை இறுக்காதீர்கள், கழற்றிப் பாருங்கள்.

மலையகத்தில் பைப்புகள் சீக்கிரம் கெடுவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஊற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் வரும் தண்ணீரில் மழைக்குப் பிறகு மணலும் இலைத்தூளும் கலந்திருக்கும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரையான மழையில் இது அதிகம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபருக்குப் பிறகு அதிகம். அடுத்தது அழுத்தம். தாங்கி 10 மீற்றர் மேலே இருந்தால் பைப்பில் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் இருக்கும். மலைச்சரிவில் 60 மீற்றர் மேலே தாங்கி இருப்பது பெரிய அதிசயமில்லை. அப்போது கீழே உள்ள லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகளின்) பைப்பில் 6 பார் வரை ஏறும். வீட்டுப் பைப்புக்கு 1 முதல் 3 பார் தாராளம்.

முதலில் எங்கே கசிகிறது என்று பாருங்கள். மூடிய பிறகும் வாய் வழியாகச் சொட்டினால் வொஷரையோ சீட்டையோ கவனிக்க வேண்டும். திறந்திருக்கும்போது கைப்பிடியின் கீழே கசிந்தால் வொஷரை மாற்றிப் பயனில்லை. கைப்பிடியோடு திரும்பும் தண்டான ஸ்பிண்டிலைச் சுற்றி, கசியாமல் அடைக்கும் பெக்கிங் (திணிப்பு) அல்லது ஓ-ரிங் (இறப்பர் வளையம்) தேய்ந்திருக்கும். மேல் நட்டை கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் நட்டைக் கழற்றி, மரையில் சுற்றும் திரட் டேப்பைக் கயிறு மாதிரி முறுக்கி ஸ்பிண்டிலைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று வைத்து நட்டைப் போடுங்கள். ஓ-ரிங் உள்ள பைப்பானால் அதே அளவு ஓ-ரிங்தான் போட வேண்டும். அதற்கு வாஸலின் பூசாதீர்கள், சில இறப்பர்கள் ஊதிவிடும். சிலிக்கன் கிரீஸ் போதும். சுவரோடு சேரும் மரையில் கசிந்தால் பழைய டேப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள். மரையின் நுனி உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் ஏழெட்டுச் சுற்று போதும். பைப்பைப் பூட்டும் பீவீசி சொக்கெட்டில் சணல் சுற்ற வேண்டாம். சணல் நனைந்து ஊதினால் சொக்கெட் வெடித்துவிடும்.

சத்தத்தை வைத்தும் கோளாறைக் கண்டுபிடிக்கலாம். கொஞ்சமாகத் திறக்கும்போது மட்டும் ‘டர்ர்’ என்று அதிர்ந்து, முழுதாகத் திறந்ததும் நின்றால், வொஷரைப் பிடித்திருக்கும் சின்ன நட் தளர்ந்திருக்கும் அல்லது கழன்று போயிருக்கும். கீச்சென்ற விசில் சத்தம் வந்தால் தண்ணீர் எங்கோ குறுகலான இடத்தில் நெருக்கிப் போகிறது: வாயிலுள்ள வலை அடைத்திருக்கலாம், வழியில் ஒரு வால்வு பாதி மூடியிருக்கலாம். பைப்பை மூடியதும் சுவருக்குள் ‘டொக்’ என்று இடித்தால் பைப்பில் பிழையில்லை. ஓடிவந்த தண்ணீர் சட்டென்று நிற்பதால் குழாய் அடிபடுகிறது. மெதுவாக மூடுங்கள், வெளியே தெரியும் குழாயை மூன்று அடிக்கு ஒரு கிளிப் போட்டு இறுக்குங்கள். லயத்தில் ஒரே குழாய் பல காம்பராவுக்கும் போவதால் அடுத்த வீட்டுப் பைப்பின் அதிர்வு உங்கள் சுவரிலும் கேட்கும். ஒவ்வொரு வீட்டுப் பைப்பாக மூடித் திறந்து பார்த்தால்தான் எது என்று தெரியும்.

இனி கழற்றும் வேலை. முதலில் வால்வில் தண்ணீரை மூட வேண்டும். லயத்துக்குப் பொதுவான வால்வு மட்டும் இருந்தால், கொழுந்துக்குப் போனவர்கள் திரும்புவதற்கு முன் வேலையை முடிக்கும்படி பார்த்து, வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டு மூடுங்கள். பழைய கேட் வால்வு இறுகியிருந்தால் பலவந்தம் பண்ணாதீர்கள், உள் தண்டு முறிந்துவிடும். கொஞ்சம் முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி மூடுங்கள். பைப்பைத் திறந்து, குழாயில் மிச்சமுள்ள தண்ணீரை வடிய விடுங்கள். கீழே பேசின் இருந்தால் அதன் துளையைத் துணியால் அடையுங்கள்; சின்ன நட் உள்ளே விழுந்தால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

கைப்பிடியும் ஸ்பிண்டிலும் உள்ள தலைப்பகுதியின் நட்டைக் கழற்ற இரண்டு ஸ்பெனர் தேவை. ஒன்றால் பைப்பின் உடம்பை அசையாமல் பிடித்து, மற்றதால் நட்டைத் திருப்புங்கள். ஒரே ஸ்பெனரால் திருப்பினால் முழுப் பலமும் சுவருக்குள் இருக்கும் பீவீசி வளைவுத் துண்டான எல்போவில்தான் இறங்கும். அது வெடித்தால் சுவரை உடைக்க வேண்டும். குரோம் பூசிய பைப்பில் ஸ்பெனர் வாய்க்கு ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

தலைப்பகுதி வெளியே வந்ததும் அதன் அடியில் வொஷரைத் தாங்கும் ஜம்பர் இருக்கும். சில பைப்புகளில் அது தனியாக உள்ளேயே தங்கிவிடும், குறடால் எடுக்கலாம். பழைய வொஷரைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே ஆழத்தில் பள்ளம் இருந்தால் அதிகம் இறுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருந்தால் சீட்டில் அதே பக்கம் கீறல் இருக்கும். சுண்டுவிரலை உள்ளே விட்டு வளையத்தின் விளிம்பை முழுச் சுற்றும் தடவுங்கள். வழுவழுவென்று இருக்க வேண்டும். நகம் தட்டி நின்றால் புது வொஷரும் சில நாளில் கிழியும். அப்படியானால் சீட் கட்டர் வைத்திருக்கும் பிளம்பரிடம் சீட்டைச் சீவச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பைப்பை மாற்றுங்கள்.

வொஷர் வாங்கப் போகும்போது ஜம்பரையும் ஹார்ட்வெயார் கடைக்குக் கொண்டுபோங்கள். பழைய வொஷர் நசுங்கி அகன்றிருக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து அளவு பார்ப்பது சரிவராது. அரை அங்குலப் பைப்புக்கு வொஷரின் விட்டம் சாதாரணமாக 19 மில்லிமீற்றர் அளவில் இருக்கும், முக்கால் அங்குலத்துக்கு 25 அளவில். விட்டம் பெரிதானால் பைப்பின் உள்சுவரில் உரசி மேலே எழும்பாது, சிறிதானால் சீட்டை மூடாது. தடிப்புக் கூடினால் முழுதாகத் திறந்தாலும் தண்ணீர் குறைவாகவே வரும். நடுத்துளை ஜம்பரின் தண்டில் ஆடாமல் உட்கார வேண்டும், ஆடினால் மறுபடியும் அந்த ‘டர்ர்’ சத்தம்தான். வொஷரை மடித்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் கடையில் கிடந்து காய்ந்தது, வேண்டாம். நகத்தால் அழுத்தினால் பதிந்து உடனே மீள வேண்டும். சுடுதண்ணீர்ப் பைப்புக்குச் சூடு தாங்கும் ஈபீடிஎம் இறப்பர் என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண இறப்பர் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். டயர் டியூப்பில் வெட்டிய வட்டம் கடை திறக்கும்வரை ஒப்பேற்றும். செருப்பு இறப்பர் நசுங்கி அப்படியே கிடந்துவிடும், ஒருநாளுக்குக்கூட நம்ப முடியாது.

புது வொஷரைப் போட்டுச் சின்ன நட்டை இறுக்குங்கள், இறப்பர் குவியும் அளவுக்கு வேண்டாம். தலைப்பகுதியைப் பூட்டுவதற்கு முன், பைப்பின் மேல் ஒரு வாளியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வால்வைச் சில விநாடி கொஞ்சமாகத் திறக்கச் சொல்லுங்கள். தங்கியிருந்த மணல் வெளியே வந்துவிடும். இதைச் செய்யாமல் பூட்டினால் முதல் தடவை மூடும்போதே மணல் புது வொஷரில் புதையும். பிறகு கைப்பிடியைத் திறந்த நிலையில் வைத்துத் தலைப்பகுதியைப் பூட்டுங்கள். மூடிய நிலையில் பூட்டினால் வொஷர் சீட்டில் மோதி முறுக்கிக்கொள்ளும்.

அழுத்தம் அதிகமான வீட்டில் வால்வைப் பாதி மூடி வைப்பது வழக்கம். அதனால் ஓட்டம் குறையும். ஆனால் பைப்பை மூடியிருக்கும் நேரத்தில் வொஷர் மேல் முழு அழுத்தமும் அப்படியே இருக்கும். பாதி மூடிய கேட் வால்வு தானும் அதிரும். அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று போடலாம். அல்லது சரிவின் நடுவில் மிதவை வால்வுடன் ஒரு சிறு தாங்கி வைத்து, அங்கிருந்து குழாயைக் கீழே இறக்கலாம். பல வீடுகள் சேர்ந்து செய்வதானால் இந்தத் தாங்கிதான் நல்லது, மணலும் அதில் தங்கிவிடும்.

கால் சுற்றில் திறந்து மூடும் பைப்புகளில் பலவற்றில் இறப்பர் வொஷர் கிடையாது. உள்ளே இரண்டு செரமிக் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று நகரும். சொட்டினால் அந்தத் தட்டுகள் அடங்கிய முழுக் காற்றிஜ்ஜையும் மாற்ற வேண்டும். உயரமும் மேல் பற்களின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும் என்பதால் பழையதைக் கையில் எடுத்துப் போங்கள். மணல் வரும் ஊற்றுத் தண்ணீர் நேரடியாக வரும் இடத்தில் அந்தத் தட்டுகளில் சீக்கிரம் கீறல் விழும். அங்கே வொஷர் போடும் கனமான பித்தளைப் பைப்பே வாங்குங்கள்.