பிரிவுக் காட்சிக்கான பாட்டை முதல் வாரமே பாடிவிடுங்கள்

காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீட்டில் சீரியல் எடுக்கிறீர்களா? பிரிவுக் காட்சிக்கென்று புதிதாகச் சோகப் பாட்டுத் தேடாதீர்கள். முதல் வாரமே வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், அப்பத்தா பேத்தியைத் தூளியில் ஆட்டியபடி ஒரு தாலாட்டை முழுசாகப் பாடட்டும். அப்புறம் பல எபிசோடு கழித்து, ஆள் இல்லாத அதே வளவில், ஆத்தங்குடிக் கல் தரையில் வளர்ந்த பேத்தி தனியாக உட்கார்ந்திருக்கும்போது, அந்த மெட்டில் இரண்டு வரியை, வார்த்தை இல்லாமல், முனகலாக மட்டும் விடுங்கள். மீதியைப் பார்ப்பவர் மனசே பாடிக்கொள்ளும்.

வசனம் ஓடும்போது மட்டும் வரிகள் உள்ள பாட்டு வேண்டாம்; இரண்டுமே காதில் நிற்காது. தாலாட்டை முற்றத்திலேயே பதிவு செய்யுங்கள். பாடுகிறவர் நடுவில் மூச்சு வாங்கினால் அதை வெட்டிவிடாதீர்கள்.