மாதவிடாய் நோவுக்கு உதவி தேடுவது எப்படி: கொப்பியிலிருந்து கிளினிக் வரை

"எல்லாப் பொம்பிளையளுக்கும் உள்ளதுதானே." இந்த ஒரு வசனத்துக்குள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பிள்ளைகளின் நோ அமுங்கிப் போகிறது. முதல் நாள் கொஞ்சம் வயிற்றுக்குத்து, நாரி உளைவு, அலுப்பு இருப்பது வழமைதான். மாதம் இரண்டு நாள் பள்ளிக்கூடமோ வேலையோ போக ஏலாமல் பாயில் சுருண்டு கிடப்பது வழமை இல்லை. மணித்தியாலத்துக்கு ஒரு பாட் மாற்றுவதும் வழமை இல்லை. மாதவிடாய்க்கு முந்தின கிழமை முழுக்க வீட்டாரோடு எரிந்து விழுந்து, அழுது, "நான் ஏன் இருக்கிறேன்" என்று நினைப்பதும் வழமை இல்லை. இந்த மூன்றுக்கும் மருத்துவம் இருக்கிறது. அரச வைத்தியசாலையில் அதற்குக் காசும் இல்லை.

ஆனால் அந்த உதவி கிடைப்பது, நீங்கள் விசயத்தை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில் பெரிதும் தங்கியிருக்கிறது. சனம் நிறைந்த ஒபிடியில் டொக்டரோடு கதைக்கக் கிடைப்பது சில நிமிடம். "பீரியட்ஸ் நேரம் சரியான கஷ்டம் டொக்டர்" என்றால் ஒரு நோக்குளிசையோடு விசயம் முடிந்துவிடும். "இரண்டு மாதமும் முதல் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை, மெபனமிக் அசிட் ஒழுங்காகப் போட்டும் நோ பத்துக்கு எட்டு, பத்து ரூபாய்க் குற்றியளவு கட்டிகள் போகுது" என்றால் அவர் பேனையை வைத்துவிட்டு உங்களைப் பார்ப்பார்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

கொப்பி, கிளினிக் எல்லாம் பிறகு. ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பாட் முழுதாக நனைந்து, அப்படியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்தால். எழும்பும்போது தலைசுற்றி விழுந்தால். ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று கடும் நோ வந்து சத்தியும் எடுத்தால். நோவோடு காய்ச்சலும் கெட்ட மணமுள்ள வெள்ளையும் இருந்தால். கர்ப்பம் தங்கியிருக்கச் சிறு வாய்ப்பாவது இருந்து நோவோ இரத்தப்போக்கோ வந்தால். இவற்றில் எது என்றாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலும் அது அவசரம்தான். "இரண்டு நாளில் பீரியட்ஸ் வந்தால் போய்விடும்" என்று பொறுக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் அந்த நேரமே சொல்லுங்கள், தனியே இருக்க வேண்டாம். வீட்டிலுள்ள குளிசைகளையும் தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்துகளையும் அவர் தன் பொறுப்பில் பூட்டி வைக்கட்டும். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. நேரில் போவதென்றால் அருகிலுள்ள பெரிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவு எந்த நேரமும் திறந்திருக்கும்.

இரண்டு மாதக் கொப்பி

நாற்பது பக்கப் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று போதும். ஒரு நாளுக்கு ஒரு வரி. முதல் நிரலில் திகதி, அடுத்ததில் சுற்றின் எத்தனையாவது நாள். இரத்தம் ஒழுங்காகப் படத் தொடங்கும் நாள்தான் முதலாம் நாள். அதற்கு முதல் இலேசாகப் பொட்டுப் பொட்டாகக் காண்பதை எண்ண வேண்டாம். பிறகு நோவுக்குச் சைபரிலிருந்து பத்து வரை ஒரு இலக்கம். நோ எங்கே என்பதையும் எழுதுங்கள்: அடிவயிறா, நாரியா, தொடைக்கு இறங்குகிறதா, மலம் கழிக்கும்போதா, தாம்பத்திய உறவின்போதா. கடைசி இரண்டையும் எழுத வெட்கமாக இருக்கும். ஆனால் டொக்டருக்கு அதிகம் உதவுவது அவைதான்.

இரத்தப்போக்குக்கு, எத்தனை பாட், அவை முழுதாக நனைந்தனவா பாதியா, இரவில் எழும்பி மாற்ற வேண்டியிருந்ததா, உடுப்பிலோ படுக்கையிலோ பட்டதா என்று குறியுங்கள். கட்டிகள் பத்து ரூபாய்க் குற்றியளவோ அதைவிடப் பெரிதோ என்றால் அதையும். குடித்த மருந்தின் பெயர், அளவு, நேரம், ஒரு மணித்தியாலத்தின் பிறகு நோ எத்தனைக்கு இறங்கியது. அன்று செய்ய முடியாமல் போனது: ரியூசன், சமையல், கடை வேலை, கோயில்.

மனநிலைக்கு கோபம், அழுகை, பதற்றம், மனச்சோர்வு, கவனக்குறைவு, நித்திரை, சாப்பாட்டு ஆசை, அலுப்பு, மார்பு நோவும் வயிற்று ஊதலும் என்று தனித்தனி நிரல் போட்டு, இல்லை என்றால் சைபர், கடுமை என்றால் மூன்று என்று இடுங்கள்.

அன்றன்று படுக்கைக்குப் போக முதல் எழுத வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் மோசமான நாட்கள் நல்ல நாட்களையும் மூடிவிடும். சுகமாக இருக்கும் நாட்களில் எழுதாமல் விடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. நோய் எது என்று பிரித்துக் காட்டுவதே அந்தச் சைபர்கள்தான்.

எப்படி என்றால், மாதவிடாய்க்கு முந்தின ஒன்றிரண்டு கிழமைகளில் தொடங்கி, இரத்தம் பட்டுச் சில நாளில் கரைந்து, அதற்கு அடுத்த கிழமை கொப்பி சுத்தமாக இருந்தால் அது மாதவிடாய்க்கு முந்திய கோளாறு. அதில் கடுமையான வகையை டொக்டர்மார் பி.எம்.டி.டி என்பார்கள். மனநிலை சார்ந்த ஒன்றாவது உட்பட ஐந்து அறிகுறிகள் இருந்து, அன்றாட வாழ்க்கையைக் குழப்பி, இரண்டு சுற்றுப் பதிவிலும் தெரிந்தால்தான் அதை உறுதிப்படுத்துவார்கள். மாதம் முழுக்கவே மனம் இருண்டு, அந்தக் கிழமை மட்டும் இன்னும் மோசமாகிறது என்றால் அது வேறு: மனச்சோர்வோ, தைரொயிட்டோ, இரத்தச்சோகையோ அடியில் இருக்கலாம். சிகிச்சையும் வேறு.

பி.எம்.டி.டி உள்ளவர்களுக்கு ஹோர்மோன் அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த வழமையான ஏற்ற இறக்கத்துக்கு மூளை காட்டும் உணர்திறன்தான் வேறு. ஆகவே லாப்பில் காசைக் கொட்டி ஹோர்மோன் பரிசோதனை செய்து "எல்லாம் நோர்மல்" என்று வந்தால், வருத்தம் இல்லை என்று அர்த்தமில்லை. அதற்குரிய பரிசோதனை அந்தக் கொப்பி.

நோக்குளிசை ஏன் கேட்பதில்லை

பெரும்பாலும் காரணம் நேரம். கருப்பைச் சுவர் உரியும்போது புரஸ்ரகிளான்டின் என்ற பொருள் சுரந்து கருப்பையைப் பிழிகிறது. மெபனமிக் அசிட், ஐபுபுரூபன் போன்றவை அது உண்டாவதைத் தடுக்கின்றன, உண்டானதை அழிப்பதில்லை. நோ உச்சிக்கு ஏறிய பிறகு ஒரு குளிசை போட்டுவிட்டு "கேட்கவில்லை" என்பது அதனால்தான். இரத்தம் படத் தொடங்கும்போதே, நாள் முன்கூட்டியே தெரிந்தவர்கள் அதற்கு முந்தின நாளே தொடங்கி, இரண்டு மூன்று நாள் மணிக்கணக்குப்படி போட வேண்டும். வளர்ந்தவர்களுக்கு வழமையான அளவு மெபனமிக் அசிட் 500 மில்லிகிராம் ஒரு நாளைக்கு மூன்று தரம், அல்லது ஐபுபுரூபன் 400 மில்லிகிராம் மூன்று தரம். இரண்டில் ஒன்றுதான்; சேர்த்துப் போடக் கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும். வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம், இந்த வகைக் குளிசையால் மூச்சிழுப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இவை ஆகாது. முதல் தரம் தொடங்க முன்னர் டொக்டரிடமோ பாமசியில் உள்ள மருந்தாளரிடமோ கேளுங்கள்.

எங்கள் ஊரில் இன்னொன்று. மாரி மழையோடு டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலும் இருந்தால் இந்தக் குளிசைகளைத் தொட வேண்டாம்; இரத்தப்பெருக்கைக் கூட்டிவிடும். அப்போது பனடோல் மட்டும், உடனே வைத்தியரிடம்.

சுடுதண்ணிப் பை உண்மையாகவே உதவும். துணியில் சுற்றி வையுங்கள், தோல் வெந்துபோகும் சூடு வேண்டாம். மல்லித்தண்ணி, உழுத்தங்களி, நல்லெண்ணெய் எல்லாம் சாப்பாடு என்ற அளவில் நல்லவை. அவற்றை நம்பி டொக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவதுதான் ஆகாது.

சரியான அளவில், சரியான நேரத்தில், மூன்று சுற்றுக்குப் போட்டும் நோ அடங்காவிட்டால் அதுவே ஒரு தகவல். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிள்ளை பெறும் வயதிலுள்ளவர்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு என்டோமெட்ரியோசிஸ் உண்டு. கருப்பைக்கு வெளியே அதன் உட்சுவர் போன்ற இழையம் வளர்வது அது. "என்டோமெட்ரியோசிஸ் ஆக இருக்குமோ டொக்டர்?" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகாது.

கூடுதலாக இரத்தம் படுகிறவர்களுக்கு

ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பாட் சேர்த்து வைக்க வேண்டி வந்தாலோ முழு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ் என்றால் இரத்தச்சோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனை. லூப் (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போட்டிருந்தால் சொல்ல மறக்காதீர்கள். செம்பு லூப் இரத்தப்போக்கையும் நோவையும் கூட்டும். இரத்தப்போக்கைக் குறைக்க திரனெக்சாமிக் அசிட் என்ற குளிசையை இரத்தம் படும் நாட்களில் மட்டும் தருவார்கள். இரத்தக்கட்டி வந்த வரலாறு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு போட்டால் பாதி வீண். தேத்தண்ணிக்கு ஒரு மணித்தியாலம் தள்ளி, தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் சேமிப்பு நிரம்ப ஏறத்தாழ மூன்று மாதம் தொடர வேண்டும். இடையில் விட்டுவிடுவதுதான் திரும்பத் திரும்ப விழுவதற்குக் காரணம்.

எங்கே போவது, என்ன சொல்வது

வடமராட்சியில் பருத்தித்துறை, வலிகாமத்தில் தெல்லிப்பழை, தென்மராட்சியில் சாவகச்சேரி, தீவகத்தில் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளின் ஒபிடியில் தொடங்கலாம். நகரத்தில் என்றால் போதனா வைத்தியசாலை. அங்கிருந்து பெண்நோயியல் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தருவார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் உங்கள் பிரிவுக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள். கர்ப்பிணிகளை மட்டும் பார்ப்பவர் இல்லை அவர். நெடுந்தீவு, நயினாதீவிலிருந்து வருகிறவர்கள் கிளினிக் நாளை உறுதிப்படுத்திக்கொண்டு படகேறுங்கள். காசு கொடுத்து வி.ஓ.ஜி எனப்படும் பெண்நோயியல் நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணினாலும், அதன் அறிக்கைகளை அரச கிளினிக்குக்குக் கொண்டு போகலாம்.

கொண்டு போக வேண்டியவை: கொப்பி, பழைய ஸ்கான், இரத்த அறிக்கைகள், குடிக்கும் எல்லா மருந்தும், நாட்டு மருந்து உட்பட. கொப்பி முழுவதையும் டொக்டர் வாசிக்க நேரமிராது. முதல் பக்கத்தில் நான்கு வரி எழுதுங்கள்: கடைசி மாதவிடாய் தொடங்கிய திகதி, எத்தனை நாளுக்கு ஒருக்கால் வருகிறது, மிகக் கடுமையான மூன்று விசயம், இதுவரை போட்ட மருந்தும் பலனும். கர்ப்பமா என்று கேட்பார்கள், சில வேளை சிறுநீர்ப் பரிசோதனையும் செய்வார்கள். அது சந்தேகம் இல்லை, எல்லாரிடமும் கேட்பதுதான்.

கலியாணம் ஆகாத பிள்ளையைப் பெண்நோயியல் கிளினிக்குக்குக் கூட்டிப்போக அம்மாமார் தயங்குவது அதிகம். தாம்பத்திய உறவு இல்லாதவர்களுக்கு உள்வழி ஸ்கான் செய்வதில்லை. வயிற்றின் மேல்தான் ஸ்கான். அதற்கு ஒரு மணித்தியாலம் முதல் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணி குடித்து, சிறுநீர் கழிக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கருப்பை வடிவாகத் தெரியாது, திருப்பி அனுப்புவார்கள். எந்தப் பரிசோதனைக்கும் பக்கத்தில் பெண் தாதி நிற்க வேண்டும் என்று கேட்கலாம். பரிசோதனையே வேண்டாம் என்றும் சொல்லலாம்.

"கலியாணம் கட்டினால், பிள்ளை பெற்றால் சரியாகும்" என்று யாரும் சொன்னால், அது மருத்துவம் இல்லை. "அதுவரைக்கும் நான் என்ன செய்யிறது?" என்று அமைதியாகத் திருப்பிக் கேளுங்கள். இன்னொரு டொக்டரிடம் போக உங்களுக்கு உரிமை உண்டு.

மனநிலைக்கான சிகிச்சை

பி.எம்.டி.டிக்கு முதலில் தருவது புளூஒக்செற்றீன், சேர்ற்றலீன் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ வகை மனச்சோர்வுக் குளிசைகள். மனச்சோர்வுக்கு இவை வேலை செய்யச் சில கிழமை எடுக்கும். இதற்குச் சில நாளிலேயே பலன் தெரியலாம். அதனால் சிலருக்கு மாதம் முழுக்கவும், சிலருக்குச் சுற்றின் பிற்பாதியில் மட்டும் கொடுப்பார்கள். தொடக்கத்தில் ஓங்காளம் வரலாம். இளம் வயதினருக்கு முதல் கிழமைகளில் மனநிலை இன்னும் குழம்பினால் உடனே சொல்ல வேண்டும். நாளாந்தம் போடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. மனநலக் கிளினிக் துண்டு தந்தால் "விசர் என்று நினைக்கிறார்கள்" என்று எடுக்க வேண்டாம். இந்தக் குளிசைகளை நன்கு கையாளத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

சிலருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை தருவார்கள். கலியாணம் ஆகாத பிள்ளைக்கும் இது மருந்தாகவே தரப்படுகிறது. நோவையும் இரத்தப்போக்கையும் குறைக்கும், பிற்காலத்தில் பிள்ளை பெறுவதைக் கெடுக்காது. கண்ணில் ஒளிக்கீற்றுத் தெரிந்து வரும் ஒற்றைத் தலையிடி, உயர் இரத்த அழுத்தம், இரத்தக்கட்டி வரலாறு இருந்தால் முதலே சொல்லுங்கள். போட்ட பிறகு மனம் இன்னும் இருண்டால் பொறுக்காமல் திரும்பிப் போங்கள். வேறு வகை இருக்கிறது.

மருந்து தொடங்கிய பிறகும் கொப்பியை நிறுத்த வேண்டாம். அடுத்த கிளினிக் நாளில் முந்தின இரண்டு மாதத்தையும் பிந்தின மூன்று மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இலக்கங்கள் இறங்கவில்லை என்றால் அளவை மாற்றுவதா, மருந்தை மாற்றுவதா, மேலும் பரிசோதிப்பதா என்று அந்த இடத்திலேயே கேட்டு, பதிலைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள்.