பழைய கேமராவா, புதிய கேமராவா? ஒப்பிடும்போது நாம் சறுக்கும் இடங்கள்

ஆடி பிறந்தால் கல்யாண போட்டோகிராபர்களுக்கு முகூர்த்தம் கிடையாது. கையில் நேரம் இருக்கும். கேமரா மாற்றும் யோசனையும் அப்போதுதான் வரும். "அண்ணே, சோனி செவன் த்ரீ போதுமா, இன்னும் கொஞ்சம் காசு போட்டு செவன் ஃபோரே எடுத்துரவா?" என்று ஒவ்வோர் ஆடியிலும் யாராவது ஒரு தம்பி வந்து நிற்கிறார். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "போன சீசன்ல உன்னால எடுக்க முடியாம போன படம் எது?" பலரிடம் அதற்குப் பதில் இருக்காது. இரண்டு கேமராவின் பட்டியலும் மட்டும் மனப்பாடமாக இருக்கும்.

அந்த இரண்டையே எடுத்துக்கொள்வோம். சோனி ஏ7 த்ரீ 2018 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஏ7 ஃபோர் 2021 அக்டோபரில். இரண்டும் ஃபுல் ஃப்ரேம் சென்சார், லென்ஸ் பூட்டும் வாய் ஒரே இ மவுன்ட், ஒரே பேட்டரி. எடையில்கூட பத்து கிராம் வித்தியாசம் இல்லை. இவ்வளவு நெருக்கமான ஜோடியிலேயே ஒப்பீடு எத்தனை இடத்தில் தடம் மாறுகிறது என்பதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் மெகாபிக்சல். 24-ம் 33-ம் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் போலத் தோன்றும். ஆனால் படத்தின் அகலத்தைப் பாருங்கள்: பழையதில் 6000 பிக்சல், புதியதில் 7008. அகலவாக்கில் கூடியது 17 சதவீதம்தான். நம் ஊர்க் கல்யாண ஆல்பம் விரித்தால் பெரும்பாலும் 12க்கு 36 அங்குலம். ஒரு பக்கத்துக்கு 12க்கு 18 அங்குலம். அதை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 5400க்கு 3600 பிக்சல் போதும். பழைய கேமராவே அதைத் தாண்டி நிற்கிறது. ஒரே படத்தை 36 அங்குலம் முழுக்க விரித்தால் பழையதில் அங்குலத்துக்கு 167 பிக்சல், புதியதில் 195. ஆல்பத்தை மடியில் வைத்துப் புரட்டும் மாமியார் கண்ணுக்கு இது தெரியாது. குரூப் போட்டோவிலிருந்து ஒரு குடும்பத்தை மட்டும் வெட்டி எடுக்கும் பழக்கம் உள்ளவருக்கு, பறவை எடுப்பவருக்கு, அந்த 33 கைகொடுக்கும். அது உண்மைதான்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, இரண்டு ஃபைலையும் கம்ப்யூட்டரில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்பது. அப்படிப் பார்த்தால் புதிய கேமராவில் நாய்ஸ் என்ற மணல் போன்ற புள்ளி அதிகமாகத் தெரியும், "இதுக்கா இவ்வளவு காசு?" என்று மனசு விட்டுப்போகும். 33 மெகாபிக்சல் படத்தை நாம் அதிகமாகப் பெரிதாக்கிவிட்டோம், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 6400-ல்கூட எது எந்தக் கேமரா என்று சொல்லத் திணறுவீர்கள். அதுவும் ரா ஃபைலில், அதாவது சென்சார் பதிந்ததைச் சமைக்காமல் வைக்கும் ஃபைலில் பார்க்க வேண்டும். ஜேபெக்கில் நிறமும் தோலின் சாயலும் கேமராவுக்குள் இருக்கும் சமையலைப் பொறுத்து மாறும். அதைப் பார்த்து சென்சாரை எடைபோட முடியாது.

அடுத்ததில்தான் பலருக்குக் காசு போகிறது: எண்ணைப் படித்துவிட்டு அதன் நிபந்தனையைப் படிக்காமல் விடுவது. ஏ7 ஃபோர் நொடிக்கு 10 படம் எடுக்கும் என்று அட்டையில் இருக்கிறது. ரா ஃபைலைத் தரம் சற்றே இழக்கும் சுருக்கத்தில் வைத்தால்தான் அந்த 10. தரம் இழக்காத ராவுக்கு மாற்றினால் வேகம் நொடிக்கு ஆறு படம் அளவுக்கு இறங்கிவிடும். நொடிக்கு 60 ஃப்ரேம் வரும 4கே வீடியோ இருக்கிறது, சரிதான். ஆனால் அதைப் போட்டவுடன் சென்சாரின் நடுப்பகுதி மட்டும் வேலை செய்யும். படம் ஒன்றரை மடங்கு நெருங்கும். கையில் 24-70 லென்ஸ் இருந்தால் 24 என்பது 36 ஆகிவிடும். மேடைக்கு முன்னால் இரண்டு வீட்டுச் சொந்தமும் அடைத்து நிற்க, பின்னால் நகர ஓரடி இடமில்லை. அட்சதை விழுவதை ஸ்லோ மோஷனில் எடுக்க நொடிக்கு 50 ஃப்ரேமுக்கு மாற்றுகிறீர்கள், நெருக்கம் அதிலும் அதேதான். மாப்பிள்ளையின் தோளும் பெண்ணின் முகமும் மட்டும் ஃப்ரேமில் இருக்கும், அட்சதை போடும் கைகள் வெளியே போயிருக்கும். கடைசி நேரத்தில் லென்ஸ் மாற்றவும் வழியில்லை. இதைக் கடையிலேயே ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்திருக்கலாம்.

புதியது என்றால் எல்லாமே கூடியிருக்கும் என்ற எண்ணமும் தப்பு. திரையைப் பார்த்து எடுக்கும்போது பழையதில் ஒரு சார்ஜுக்கு சுமார் 710 படம், புதியதில் சுமார் 580. பேட்டரி அதேதான், சென்சாரும் ப்ராசஸரும் கூடுதலாகத் தின்கின்றன. சைலன்ட் ஷட்டரிலும் அப்படித்தான். இரண்டிலுமே சென்சாரை மேலிருந்து கீழே வாசிக்க நேரம் பிடிக்கும். மண்டபத்து எல்இடி விளக்கில் வரி வரியாக விழ இரண்டிலும் வாய்ப்பு உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50-லோ 1/100-லோ வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். சடங்கில் சத்தமே வரக்கூடாது என்பதற்காகப் புதியதை வாங்கப் போகிறவர் இதை முதலில் சோதித்துவிட வேண்டும்.

பழைய கேமராவுக்கும் ஓர் அநியாயம் நடக்கிறது. அது வெளிவந்த மாதத்தில் எழுதிய விமர்சனத்தை வைத்தே அதை மதிப்பிடுகிறோம். ஏ7 த்ரீ முதலில் வந்தபோது கண்ணில் ஃபோகஸ் நிற்க ஒரு தனி பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். 2019 ஏப்ரலில் வந்த 3.0 ஃபர்ம்வேரில் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) ஷட்டரைப் பாதி அழுத்தினாலே கண் பிடிபட்டது. விலங்குகளின் கண்ணும், இன்டர்வெல் ஷூட்டிங்கும் அதோடுதான் வந்தன. செகண்ட் ஹேண்டில் பார்க்கும்போது மெனுவில் வெர்ஷனைப் பாருங்கள். பழைய ஃபர்ம்வேரிலேயே கிடந்தால் அப்டேட் செய்துவிட்டு ஒப்பிடுங்கள்.

இவ்வளவு சொன்னதால் புதியதில் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபோகஸ் பின்தொடர்வதில் உண்மையான முன்னேற்றம் இருக்கிறது. ஆனால் 693 ஃபோகஸ் புள்ளி, 759 ஃபோகஸ் புள்ளி என்ற எண்கள் அதைச் சொல்லாது; நடக்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும். நான் செய்வது இது. கடைக்கு என் லென்ஸ் ஒன்று, என் மெமரி கார்டு இரண்டு, கூட ஒரு நண்பர். இரண்டு கேமரா பாடியிலும் மாற்றி மாற்றி அதே லென்ஸ், லென்ஸ் திறப்பு எஃப்/2.8, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 6400. நண்பர் வாசலிலிருந்து கவுன்டருக்கு நடந்து வருவார். பாதியில் ஒருமுறை முகத்துக்கு நேரே ஹெல்மெட்டைத் தூக்குவார், பிறகு இறக்குவார். ஒருமுறை குனிந்து செருப்பைச் சரிசெய்வார். மாலைக்குப் பின்னால் மறைந்து வெளிவரும் முகம், காலில் விழுந்து எழும் பெண், இதெல்லாம் அந்த நடையில் வந்துவிடும். வீட்டுக்கு வந்து முப்பது படத்தில் எத்தனை படத்தில் கண்ணிமை முடி கூர்மையாக இருக்கிறது என்று எண்ணுவேன். ஹெல்மெட் இறங்கியபின் ஃபோகஸ் முகத்துக்குத் திரும்ப எத்தனை படம் எடுத்துக்கொண்டது என்பதையும் எண்ணுவேன். இந்த இரண்டு எண்களை நான் எந்த விளம்பரத்தையும் விட நம்புகிறேன்.

வீடியோக்காரர்களுக்கு வேறு கணக்கு. பழையது உள்ளே 8 பிட்டில்தான் பதியும். எஸ்-லாக் (பிறகு நிறம் சேர்க்க வசதியாக வெளிறிப் பதியும் முறை) வைத்து எடுத்துப் பிறகு நிறத்தை இழுத்தால், வெறும் சுவரிலும் மாலை வானத்திலும் படிக்கட்டு போல் பட்டை விழும். புதியதில் 10 பிட் 4:2:2, அதாவது நிறத் தகவல் கூடுதல். பட்டுப்புடவையின் மடிப்பில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் இறுக்கிச் சுருக்கிய அந்த எச்.265 ஃபைலை எடிட் செய்யும் கம்ப்யூட்டரிலும் வலு வேண்டும். பல கிராபிக்ஸ் கார்டுகள் 4:2:2-வைத் தாங்களாகப் பிரித்துத் தராது, டைம்லைன் திக்கித் திக்கி ஓடும். கேமராவை வாங்கிவிட்டு அடுத்த மாதம் சிஸ்டத்துக்குக் கடன் வாங்கிய தம்பிகளைத் தெரியும். அதனால் வாங்கும் முன்பே ஒரு சாம்பிள் கிளிப்பை உங்கள் சிஸ்டத்தில் ஓட்டிப் பாருங்கள். மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க் செலவையும் அதே தாளில் எழுதுங்கள்.

யாரும் கவனிக்காத ஒன்று, ஹெச்டிஎம்ஐ துளை. பழையதில் மைக்ரோ, புதியதில் முழு அளவு. கல்யாணத்தை நேரலை விடுபவர், மண்டபத்து எல்இடி திரைக்குக் கேமராவிலிருந்து வயர் இழுப்பவர், மைக்ரோ துளை எவ்வளவு சீக்கிரம் லூசாகிறது என்று அறிவார். அவருக்கு இந்த ஒரு காரணமே போதும், புதியதை வாங்கட்டும்.

படம் மட்டும் எடுப்பவருக்கு நான் சொல்வது வேறு. புதிய பாடிக்குப் போடும் கூடுதல் காசை லென்ஸில் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடாமல் முடிவெடுக்காதீர்கள். கேமராவோடு வரும் கிட் லென்ஸ் 28-70-ஐ முழு நீளத்துக்கு இழுத்தால் எஃப்/5.6. ஒரு 85 எம்எம் எஃப்/1.8 அதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 6400-ல் எடுத்த பெண்ணின் தனிப்படத்தை 640-ல் எடுக்கலாம். எந்தப் புதிய சென்சாரும் இந்தப் பத்து மடங்கைத் தராது.

கடைசியாக, பழையதை செகண்ட் ஹேண்டில் எடுப்பவருக்கு. ஷட்டர் கவுன்ட் (ஷட்டர் எத்தனை முறை ஓடியது என்ற எண்ணிக்கை) குறைவு என்றவுடன் மகிழ்ந்துவிடாதீர்கள். ஏ7 த்ரீயின் ஷட்டரை இரண்டு லட்சம் முறைக்குச் சோதித்ததாகச் சோனி சொல்கிறது. ஆனால் வீடியோ ஓடிய மணிநேரம் அந்தக் கவுன்டில் ஏறாது. நான் ஒருமுறை கவுன்டை மட்டும் பார்த்து ஒரு பாடி வாங்கினேன். முதல் வெளிப்புற ஷூட்டில், வானத்தின் வலது மூலையில் எல்லாப் படத்திலும் அதே மூன்று கரும்புள்ளி. சென்சாரில் ஒட்டிய பிசுக்கு. சர்வீஸுக்குக் கொடுத்துத்தான் போனது. அன்றிலிருந்து காசு கொடுக்கும் முன் எஃப்/16 வைத்து, ஃபோகஸை விலக்கி, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். லென்ஸைப் பூட்டி மெல்ல ஆட்டிப் பார்க்கிறேன். ஹெச்டிஎம்ஐ வயரைச் செருகி அசைத்துப் பார்க்கிறேன். பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் பாடியின் அடியில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்கிறேன். பில் இல்லை, அதனால்தான் விலை குறைவு என்று சொன்னால் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன்.