கிராகோவும் பிற குன்றூர்களும்: தென் இத்தாலியப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென் இத்தாலியின் பசிலிகாட்டா பிராந்தியத்தில், மத்தேரா நகரிலிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில், சுமார் 400 மீட்டர் உயரத்தில் நிற்கிறது கிராகோ. அங்கே செல்வோர் செய்யும் முதல் தவறு, அதைக் கேட்பாரற்ற இடிபாடு என்று எண்ணிக் கிளம்பிவிடுவது. ஊரில் ஆளில்லை என்பது உண்மை. ஆனால் அது திறந்து கிடக்கவில்லை. வழிகாட்டியுடன், தலைக்கவசம் அணிந்து, குறிக்கப்பட்ட பாதையில் மட்டுமே உள்ளே நடக்கலாம். நேரத்தை முன்கூட்டி விசாரிக்காமல் போகிறவர் சாலை வளைவில் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

இந்தக் கெடுபிடியை வீண் கண்டிப்பு என்று கருதி வேலி தாண்டுவது அடுத்த தவறு. ஊரைச் சுற்றியுள்ள நிலம் களிமண். மழை அரித்து, மடிப்பு மடிப்பாகப் புல்லின்றிக் கிடக்கும் சரிவுகளை அங்கே 'கலாங்கி' என்பார்கள். 1963-இல் நிலச்சரிவு பெரும்பாலானோரை வெளியேற்றியது, 1972-இல் வெள்ளம், 1980 நவம்பரில் இர்ப்பீனியா நிலநடுக்கம், எஞ்சியிருந்த குடியிருப்பையும் முடித்துவைத்தது. உச்சியில் நார்மன் காலத்துக் கோபுரம் இன்னும் நிமிர்ந்து நிற்பதைக் கண்டு, கீழே உள்ள சுவர்களும் அவ்வளவே உறுதியானவை என நம்பிவிடக் கூடாது. பாதையிலிருந்து பார்த்தாலே, கூரை விழுந்த வீடொன்றில் உத்தரம் ஒரு முனையில் மட்டும் தொங்குவதும், நீலச் சுண்ணாம்பு பூசிய உள்சுவர் வெயிலில் காய்வதும் தெரியும்.

அந்த நீலச் சுவர் ஒருவருடைய படுக்கையறை. 'பேய் ஊர்' என்று சிரித்துக்கொண்டே சுற்றுவோருக்கு நினைவிருக்க வேண்டியது, அங்கிருந்து பெயர்ந்த குடும்பங்கள் கீழே பள்ளத்தாக்கில், கிராகோ பெஸ்கியேராவில் குடியமர்த்தப்பட்டன என்பது. அப்படிச் சிரித்துச் சுற்றுவதைத் தவறு என்பதைவிட மரியாதைக் குறைவு என்றே சொல்வேன்.

மக்கள் வாழும் குன்றூர்களில் தவறுகள் வேறு வகை. காஸ்தெல்மெத்சானோ, பியேத்ராபெர்த்தோசா போன்றவை, பகைவருக்கும் பள்ளத்தாக்கின் மலேரியாவுக்கும் அஞ்சி மக்கள் மேலேறிக் கட்டிக்கொண்ட ஊர்கள். பியேத்ராபெர்த்தோசா 1,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. கழுதைக்காக வகுத்த அந்தச் சந்துகளுக்குள் கைப்பேசி வரைபடம் காட்டும் வழியை நம்பிக் காரை ஓட்டினால், பக்கவாட்டுக் கண்ணாடி இரண்டும் சுவரை உரசும் இடத்தில் பின்னோக்கி வர நேரிடும். பல பழைய ஊர்களின் முகப்பில் இசட்.டி.எல். என்ற பலகை இருக்கும். அனுமதியில்லாத வாகனங்கள் நுழையக் கூடாத பகுதி அது. கேமரா வண்டி எண்ணைப் பதிந்துகொள்ளும், அபராதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும், வாடகைக் கார் நிறுவனமும் தன் பங்குக்குக் கட்டணம் பிடிக்கும். ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது. நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கோடு பெரும்பாலும் இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோடு பிறருக்கென ஒதுக்கப்பட்டது. இந்திய உரிமம் வைத்திருப்போர் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு படிக்கட்டு ஊருக்குப் போவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பத்தாவது படியில் தானே புரியும்.

பேருந்தை நம்புவோர் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்க வேண்டும். அன்று சேவை வெகுவாகக் குறையும், சில ஊர்களுக்கு வண்டியே இராது. ஆகஸ்ட் 15, ஃபெர்ராகொஸ்தோ விடுமுறை. அந்த வாரத்தில் முன்பதிவின்றி அறை தேடுவது வீண் அலைச்சல்.

பலரையும் பட்டினி போடும் தவறு, நேரக் கணக்கு. பிற்பகல் ஒரு மணியளவில் கடைகள் கதவடைத்தால் நான்கு, ஐந்து மணிக்குத்தான் மீண்டும் திறக்கும். பல தேவாலயங்களும் அப்படியே. சிற்றூர் உணவகத்தில் மதிய அடுப்பு இரண்டரை மணி வாக்கில் அணைந்தால், இரவு ஏழரைக்கு முன் எரியாது. ஆகவே ஒரு மணிக்கெல்லாம் மேசையில் அமர்ந்து, 'பெப்பெரோனி கிருஸ்கி' கேளுங்கள். வெயிலில் காயவைத்த செக்கச் செவேலென்ற இனிப்பு மிளகாயைச் சூடான ஆலிவ் எண்ணெயில் சில நொடிகள் மட்டும் போட்டு எடுப்பார்கள். கொஞ்சம் தாமதித்தாலும் கசந்துவிடும். ஆறியதும் அப்பளம்போல் நொறுங்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம், காரம் இல்லை.